ஒட்டுப்பலகை கிட்டார்

சின்னவளின் அக்கா புருஷனுக்கு எந்தப் பொருளையும் தட்டிப் பார்க்காமல் விட முடியாது. தரை ஓடு விற்கும் கடையில் மேலாளர் அவர். விரல் முட்டியால் தட்டும்போது 'டிங்' என்றால் நல்ல ஓடு, 'டொக்' என்றால் உள்ளே விரிசல். தொழிலில் அவர் கற்றது இது ஒன்றுதான். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே உலகம் முழுவதையும் அளந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. தர்பூசணி, குளியலறைக் கதவு, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புதுக் கார் என்று எல்லாவற்றின் மேலும் அந்த முட்டி இறங்கித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சின்னவள் தன் புது கிட்டாரை அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்றும், வா என்றுகூடக் கேட்காமல் அதன் முதுகில்தான் முதலில் தட்டினார்.

"டொக்," என்று தன் வாயாலும் ஒருமுறை சொல்லிக் காட்டினார். "ஒட்டுப்பலகை! அலமாரிக்குப் பின்பக்கம் வெச்சு அடிப்பாங்களே, அந்தச் சரக்கு. இதுல வயர் வேற மாட்டணுமாம். இது கிட்டாரா, மிக்ஸியா?"

அக்கா சிரித்தாள். அக்கா எதற்கும் சிரிப்பாள். அந்த வீட்டில் காலம் தள்ள அவள் கண்டுபிடித்த வழி அது.

"மிக்ஸியா இருந்தா உங்க பேச்சைப் போட்டு அரைச்சிருப்பேனே மாமா," என்றாள் சின்னவள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. "எப்பம்மா தருவீங்க?" என்று கேட்பவரிடம், அவருடைய லென்ஸின் ஓரம் ஏன் தடிப்பாக இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை யாரிடமாவது சொல்லித் தீர்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"கம்பி உக்காருதே இந்த வெள்ளைத் துண்டு, இதுக்கு அடியில மெல்லிசா ஒரு பட்டை இருக்கு மாமா. கம்பி அதிர்ந்தா பட்டை நசுங்கும். நசுங்கினா துளியூண்டு மின்சாரம் வரும். அது ஸ்பீக்கருக்குப் பத்தாது. அதான் பக்கவாட்டுல இந்தப் பெட்டி, உள்ள ஒரு சதுர பேட்டரி. துளியை வாங்கிப் பெருசாக்கி அனுப்பும். பேட்டரி மூடியை மட்டும் மேல தள்ளிட்டுத்தான் இழுக்கணும். எல்லாரும் கீழ அழுத்துவாங்க, அப்ப பூமி உள்ளவரைக்கும் தெறக்காது..."

மாமா கொட்டாவி விட்டார். கண்ணாடி அலமாரியைத் திறந்து தன்னுடைய கிட்டாரை எடுத்தார். முழு மரம். விலை உயர்ந்தது என்பதை வீட்டுக்கு வந்த யாரும் தெரிந்துகொள்ளாமல் திரும்பியதில்லை. வாரம் தவறாமல் துடைப்பார். மனசு வந்தால் வாசிப்பார். மனசு எப்போதாவதுதான் வரும். அதைத் தட்டினார். வயிறு நிறைந்த ஆள் ஏப்பம் விட்டது போல ஆழமாக ஒரு 'தும்' கேட்டது.

"கேட்டியா? இது மரம். உன்னுது மரச்சாமான்."

இவரைப் பதிலுக்குத் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று சின்னவள் யோசித்துப் பார்த்தாள். தலைப்பக்கம் நிச்சயமாக 'டொக்'தான்.

அந்த மரச்சாமானை அவள் தேடிப் பிடித்து வாங்கியது ஒரு ஸ்டூலுக்காக. பஸ் டெப்போவுக்கு எதிரே ஒரு காபிக் கடை இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே மூலையில் ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டு, பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து, யாரையாவது வாசிக்கச் சொல்வார் கடைக்காரம்மா. பால் நுரைக்கும் இயந்திரத்தின் சீறலையும் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் இல்லாமல் ஆகாது. சின்னவள் குடியிருக்கும் அறையில் ஒரு கம்பியைத் தொட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிப்பார். ஆக, அவள் வாய்விட்டு வாசிக்க ஊரில் இருந்த ஒரே இடம் அந்த ஸ்டூல். அது போனால் கிட்டார் கட்டிலுக்கு அடியில் செருப்போடு கிடக்க வேண்டியதுதான்.

அந்த ஸ்டூலின் மேல் மாமாவுக்குக் கண் விழுந்தது. ஒரு சனிக்கிழமை அக்காவோடு காபி குடிக்க வந்தவர், ஒட்டுப்பலகைக்கு ஜனங்கள் கைதட்டுவதைப் பார்த்துவிட்டார். காபி செரித்தது, கைதட்டல் செரிக்கவில்லை. அடுத்த வாரமே முழு மரத்தைப் பட்டுத்துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் விரல்கள் ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை. கடைக்காரம்மா மனமிரங்கி ஒரு மைக்கை எதிரே வைத்தார். உடனே கடையே காதைப் பொத்திக்கொள்ளும்படி 'கீ' என்று ஓர் ஊளை. நல்ல மரத்தின் சங்கடமே அதுதான். எதற்கும் அதிரும். கம்பிக்கும் அதிரும், ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் சத்தத்துக்கும் அதிரும். அந்த அதிர்வை மைக் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்குத் தர, சத்தம் தன்னைத்தானே துரத்திக்கொண்டு சுற்றும். ஒட்டுப்பலகை அத்தனை ரோஷக்காரப் பலகை இல்லை. கம்பி சொன்னால் கேட்கும், மற்றவர் சொன்னால் கல் மாதிரி இருக்கும்.

கடைக்காரம்மா நேராகவே சொல்லிவிட்டார். "வாரம் ஒரு ஆளுன்னு இருந்தா ஜனங்களுக்குப் பழகாது. வர்ற சனிக்கிழமை உங்களுக்கு இன்னொரு தடவை குடுத்துப் பார்த்துடறேன் சார். அதுக்கப்புறம் நீங்களா, உங்க மச்சினிச்சியான்னு முடிவு பண்ணிடுவேன். கேக்கற மாதிரி ஒரு கிட்டாரோட வாங்க."

மாமா வாங்கிக்கொண்டு வரமாட்டார். மரச்சாமான் வாங்குவதாவது! அக்காதான் போனில் பேசினாள்.

"ஒரு நாளைக்குக் குடேண்டி. அவருக்கு ஆசையா இருக்காம்."

"ஒட்டுப்பலகைன்னாரே."

"அதைப் போய்ப் பெருசு பண்ணாதே. உன் மாமாதானே."

வெள்ளிக்கிழமை மாலை சின்னவள் கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது வியாதி தலைதூக்கியது. "மாமா, முக்கியமா ஒண்ணு. இதுல ஆன், ஆஃப் பொத்தான் கிடையாது. கேபிளை..."

"எனக்கே பாடமா?" என்று கையை உயர்த்தினார் மாமா. "நாலு பொத்தான், ஒரு ஓட்டை. ரிமோட்டுலகூட இதைவிட அதிகமா இருக்கு. போ, போய் உங்கக்காகிட்ட காபி வாங்கிக் குடி."

சின்னவள் போனாள். பாதி விளக்கம் தொண்டையில் நிற்க அவள் காபி குடித்தது அதுவே முதல் தடவை. அந்தக் காபி நன்றாகத்தான் இருந்தது.

சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான்: கேபிள்தான் சுவிட்ச். கேபிளின் முனையை கிட்டாரில் சொருகினால் உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு பேட்டரி வேலையைத் தொடங்கிவிடும். உருவினால்தான் நிற்கும். யாரும் வாசிக்காவிட்டாலும், சொருகிய கேபிள் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். அதிலும் அது மாதக்கணக்கில் உழைத்து ஓய்ந்த பேட்டரி. மாற்ற வேண்டும் என்று புதியதொன்றை வாங்கிக் கைப்பையில் போட்டிருந்தாள்.

மறுநாள் மதியம் சாப்பிட வரச்சொல்லியிருந்தாள் அக்கா. சின்னவள் கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது கிட்டார்தான். சோபாவுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார் மாமா. கேபிள் சொருகியபடி. சுதி பார்க்கும் பொத்தானையும் அழுத்தி, பச்சை விளக்கை எரியவிட்டிருந்தார்.

"அழகா இருக்குல்ல?" என்றாள் அக்கா. "நேத்துலேருந்து எரியுது. கலைஞர் வீடு மாதிரி இருக்குங்கறார் உன் மாமா."

கைப்பைக்குள் புது பேட்டரி இருந்தது. சின்னவள் பையைத் திறக்கவில்லை. "ரொம்ப அழகு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாலையில் கடை நிரம்பியிருந்தது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். அக்கா பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். சின்னவள் சுவரோரம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

அவர் வாசிக்கத் தொடங்கியதும் அவளுக்கு முதல் அடி விழுந்தது. நன்றாக வாசித்தார். அலமாரிக்குள் பூட்டி வைத்த ஆள் இவர்தானா என்று கேட்கும்படி, நிதானமாக, ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் வந்து உட்கார வாசித்தார். அவளுடைய மலிவுக் கிட்டார் அவளிடம் காட்டாத குழைவை அவரிடம் காட்டியது. துரோகி, என்று அதைத் திட்டினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நுரைக்கும் இயந்திரத்தைக் கடைக்காரம்மாவே கொஞ்ச நேரம் அடக்கி வைத்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மாமாவின் முழங்கை அதை மறைத்திருந்தது. முதலில் உரத்த சுரங்கள் மட்டும் கரகரத்தன, யாரோ அப்பளத்தை மெல்லுகிற மாதிரி. பிறகு எல்லாமே கரகரத்தன. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. பின் மேசையில் ஒருவர் 'களுக்'கென்று சிரித்தார்.

மாமா கேபிளை ஆட்டிப் பார்த்தார். பொத்தான்களை எல்லாம் அழுத்தினார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். கிட்டாரின் முகத்தில், எல்லோர் எதிரிலும், முட்டியால் தட்டினார்.

"டொக்! கேட்டுக்கிட்டீங்களா? மரமே இல்லை. ஒட்டுப்பலகைக்கு உசுரு இவ்வளவுதாங்க. என்னுது இல்ல, மச்சினிச்சியோடது."

கடைக்காரம்மா சின்னவள் பக்கம் திரும்பினார். "இதை வெச்சுக்கிட்டா இத்தனை வாரம் ஓட்டினே? நாளைக்கு உன் பாட்டுலயும் இப்படிப் படுத்துடுமா?"

மாமாவின் மூக்கு உடையும் என்றுதான் சின்னவள் காத்திருந்தாள். உடைந்தது கிட்டாரின் மூக்கு. அதை அவளால் பொறுக்க முடியவில்லை. பேட்டரியை எடுத்துக்கொண்டு போய், மூடியை மேலே தள்ளி இழுத்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டாள். ஒரு கம்பியைத் தட்டினாள். கடை முழுக்க மணி போல ஒலித்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். கைக்கு அடங்கினாலும் வாய்க்கு அடங்குமா அந்த வியாதி?

"கிட்டார் மேல ஒரு தப்பும் இல்லம்மா. கேபிள்தான் இதுக்கு சுவிட்ச். நேத்துலேருந்து மாட்டியே வெச்சிருந்தா எந்த பேட்டரிதான் தாங்கும்? அதுல பச்சை விளக்கு வேற விடாம எரிஞ்சுக்கிட்டு..."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் மாமா.

"மத்தியானம்தான் பார்த்தேனே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அக்காவின் முகத்தில் சிரிப்பில்லை. அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"பார்த்தியா? பார்த்துட்டு, என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, சும்மாவா வந்தே?"

"புது பேட்டரியைப் பையிலயே வெச்சுக்கிட்டு!" என்று எடுத்துக்கொடுத்தார் மாமா.

கடைக்காரம்மா எச்சில் கோப்பைகளை அடுக்கியபடியே தீர்ப்புச் சொன்னார். "கிட்டார் நல்ல கிட்டார். சார் வாசிப்பும் நல்லா இருந்தது. நீ தெரிஞ்சே விட்டுட்டு வேடிக்கை பார்த்தது மட்டும்தான் நல்லா இல்லை. சார், நீங்களே வாங்க. இந்த மாதிரி கிட்டாரோட."

மாமா சின்னவளின் கிட்டாரை ஆசையோடு பார்த்தார். சின்னவள் அதை அவர் மடியிலிருந்து எடுத்து உறையில் போட்டாள்.

"என்னுது மரச்சாமான் மாமா. உங்க கைக்கு லாயக்குப்படாது."

அடுத்த சனிக்கிழமை அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. கிட்டாரையும் முதுகில் மாட்டிக்கொண்டு போய், காபி வாங்கி, பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்டூலில் மாமா. மடியில் ஒரு புது கிட்டார். அவளுடையதேதான், அச்சு அசல் அதே மாடல். தலைப்பக்கம் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டு வந்தவர்கூட அத்தனை பதற்றமாக இருக்கமாட்டார். முன்மேசைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்:

"இதுல ஒரு சூட்சுமம் இருக்கு சார். பல பேருக்குத் தெரியாது. கேபிள்தான் சுவிட்ச். நானா கண்டுபிடிச்சேன்."

சின்னவள் காபியை விழுங்கினாள். அது கசந்தது.

முதல் பாட்டு முடிகிற தறுவாயில் சிவப்பு விளக்கு எரிந்தது. புது கிட்டாரோடு கடையில் போட்டுக் கொடுக்கிற பேட்டரி எந்தக் காலத்துப் பேட்டரியோ, யாருக்குத் தெரியும். வழக்கம்போல முழங்கை அதை மறைத்தது. பேட்டரி மாற்றத் தெரிந்தவள் கடையில் ஒருத்திதான். போன வாரத்துக்குப் பிறகு அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பேட்டரி கிடக்கிறது.

பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து போய், பேட்டரியை அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைக்காரம்மா இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சிவப்பு விளக்கு எரியுது."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு தெரியும். மாத்துங்க. அதுவரைக்கும் ஜனங்க சும்மா உக்காந்திருக்க வேணாம்."

மாமா இறங்கினார். சின்னவள் ஏறினாள். அவர் கிட்டாரிலிருந்து உருவிய கேபிளைத் தன்னுடையதில் சொருகிக்கொண்டாள்.

மாமா முன்மேசையில் கிட்டாரைப் படுக்க வைத்து, பேட்டரி மூடியைக் கீழே அழுத்தினார். வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். முன்மேசைக்காரரும் சேர்ந்து அழுத்தினார். சாவியால் நெம்பினார்கள். மாமா மூடியை முட்டியால் தட்டிக்கூடப் பார்த்தார். சின்னவள் ஒரு பாட்டு முடித்து, அடுத்ததைத் தொடங்கி, அதையும் முடித்தாள்.

வாசித்துக்கொண்டே மாமாவை ஒருமுறை பார்த்தாள். அவரும் நிமிர்ந்து பார்த்தார். கேட்டால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.