கரை தெரியாத ஏரி

கேமராவின் பின்பக்கத் திரையில் ஏரிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. சத்யப்பிரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் மாமனார் கொளஞ்சியப்பன் கிடந்தார். காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர், அப்படியே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வேலைகூட வைக்கவில்லை.

"கெடச்சுதா?" பாலகுமார் கதவோரம் எட்டிப் பார்த்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. "சார்லஸ் ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். நிக்கற மாரி முழு போட்டோ வேணுமாம்."

சார்லஸ் மஞ்சக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அவன் கூட்டாளி. முதுநகரில் இப்போதெல்லாம் ஒருவர் செத்தால், வெளியூர்ச் சொந்தம் வருவதற்குள் பேனர் வந்துவிட வேண்டும். கண்ணீர் அஞ்சலி என்று மேலே போட்டு, ரோஜாப்பூ உதிர, நடுவில் ஆள் நிற்க வேண்டும். பேனர் இல்லாவிட்டால் கேட்க நாதியில்லாத சாவு என்று பேசுவார்கள்.

கொளஞ்சியப்பனுக்கு நிற்கிற போட்டோ ஏது? ரேஷன் கார்டில் தலை மட்டும்தான், அதுவும் முறைத்துக்கொண்டு. முழு உருவமாக இருந்தது ஒன்றே ஒன்று. போன மாதம் ஊட்டிக்குக் கிளம்பிய அன்று, வேனுக்குள் இருந்தபடி சத்யாவே எடுத்தது. வெள்ளை அரைக்கைச் சட்டையும் வேட்டியுமாக வாசலில் நின்று, வலது கையை உயர்த்தி, போய் வாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"இது போதும்." பாலகுமார் கேமராவை வாங்கி மேலும் இரண்டு படம் தள்ளினான். "பின்னால இந்த ஏரிய வெக்கச் சொல்றேன். அப்பா ஆசப்பட்ட எடம்."

அவலாஞ்சி ஏரி. தண்ணீர் நிலத்துக்குள் சின்னதாக நுழைந்திருந்த இடத்தில், அந்தப் பக்கத்துப் பாறையில் சத்யா நின்றிருந்தாள். இந்தப் பக்கம் இருந்து பாலகுமார் எடுத்தது. கழுத்தில் சிவப்பு மப்ளர். பாறை மேல் ஒரு சத்யா, அசையாத தண்ணீரில் தலைகீழாக இன்னொரு சத்யா.

"அது வேணாங்க."

"ஏன்?"

"நான் நிக்கறேன் அதுல."

"உம் மேல அப்பாவ வெச்சு மறைச்சுடுவான். கம்ப்யூட்டர்ல அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு போனான்.

கொளஞ்சியப்பன் வீராணம் ஏரியில் லஸ்கராக இருந்தவர். கரையில் நடந்து காவல் பார்ப்பது, மதகைத் திறப்பது, மூடுவது. மழைக்காலத்தில் கரையில் ஓர் எலி வளையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காதாம். ரிட்டயராகி, மனைவியும் போய்ச் சேர்ந்தபின் மகன் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, ஒருநாள் நீலகிரியைக் காட்டினார்கள். முக்குர்த்தி தேசியப் பூங்கா, அதை ஒட்டி அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று ஏரிகள். "என்னாம்மா இது, கரையே காணும்? தண்ணி எப்படி நிக்குது?" என்றார். அன்றிலிருந்து அதே பேச்சு. லீவில் ஊட்டிக்குப் போகலாம் என்று பாலகுமார் சொன்னதும் முதலில் தயாரானவர் அவர்தான். சிவப்பு மப்ளர் ஒன்று வாங்கி வந்து, சித்திரை வெயிலில் கழுத்தில் சுற்றிக் கண்ணாடி பார்த்தார்.

சத்யாவுக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அதுதான் இப்போது உறுத்தியது. கோபம் இருந்திருந்தால் பழியை அதன் தலையில் போட்டிருக்கலாம். வெறும் அலுப்புதான். 'தானே' புயலில் கூரை பறந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த அலுப்பு. அவருக்கென்று உப்பில்லாத குழம்பு, வேளைக்கு வேளை மாத்திரை, ராத்திரியில் பாத்ரூம் லைட். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் பிள்ளைகளோடு மட்டும் ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. நாலே நாள், யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்காமல் இருக்க ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டது தப்பில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. மாதா மாதம் அவரைச் சிதம்பரத்துக்கு இருதய டாக்டரிடம் அழைத்துப் போவது அவள்தான். அந்த மாதம் திரும்பும்போது, பஸ் செம்மங்குப்பத்தை நெருங்கியதும், அங்கிருக்கும் கம்பெனிகளின் கெமிக்கல் நெடிக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அவளும் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். அப்படி மூடியிருந்தது வசதியாக இருந்தது.

"மாமா, டாக்டரு மலையேறக் கூடாதுன்னுட்டாரு. குளிரு உங்களுக்கு ஆவாதாம்."

டாக்டரிடம் அவள் மலை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா? சரி" என்றார். வீட்டுக்கு வந்ததும் மப்ளரை மடித்து அவளிடம் கொடுத்தார். "நீ போட்டுக்கம்மா. காதுல காத்து ஏறிடப் போவுது."

பாலகுமாரிடமும் அதையே சொன்னாள். அவன், "டாக்டரே சொல்லிட்டாருன்னா என்னா பண்றது" என்று வேனுக்குச் சொல்லப் போய்விட்டான்.

ஊரிலிருந்து திரும்பிய அன்று, படங்களைக் காட்டச் சொல்லி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றைக்கூடத் தள்ள விடவில்லை.

"கரை எங்கம்மா இருக்குது?"

"கண்ணுக்குத் தெரியல மாமா. சுத்தி மலைதான்."

"இருக்கும். எங்கனா ஒரு மூலைல கட்டியிருப்பான். கேக்கலியா?"

"தோணல மாமா."

"குளிரு ஜாஸ்தியா?"

"ரொம்ப. பல்லு கிட்டிப் போச்சு."

"நல்லவேள நான் வரல," என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது. நம்பிவிட்டார், விஷயம் முடிந்தது என்று எழுந்து போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

மதியம் சிதம்பரத்திலிருந்து நாத்தனார் மங்கலம் வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் ஐஸ் பெட்டி மேல் விழுந்து அழுதாள். அப்புறம் சத்யாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பெத்த பொண்ணு நான் என்னா செஞ்சேன்? ஒரு வா கஞ்சி வெச்சுக் குடுத்ததில்லியே! கைக்கொழந்த மாரி பாத்துகினவ நீதாண்டி!"

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், "மருமவன்னா இதுதான் மருமவ" என்று மூக்கைச் சிந்தினாள். சத்யா அழுதாள். அழுகை உண்மைதான். ஆனால் அத்தனை பேரும் தப்பான ஆளுக்கு மாலை போடுகிற மாதிரி இருந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

அவர்களுக்குத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக் குழாய்க்குப் போனபோது, கையில் ரோஜா மாலையோடு சந்து வழியாக ஒருவர் வந்தார். சிதம்பரத்து டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கும் பக்கிரி. போன் போட்டுச் சொன்னதால் டாக்டர் மாலை கொடுத்து அனுப்பியிருந்தார்.

"போன மாசம் நல்லாத்தானம்மா இருந்தாரு," என்றார் பக்கிரி. "தனியா பஸ் ஏறி வந்து எறங்குனாரே."

"தனியாவா? எப்ப?"

"நீங்கள்லாம் ஊட்டி போயிருந்தீங்கள்ல, அப்பதான். ஏன் பெரியவரே தொணையில்லாமன்னு திட்டுனேன். டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னாரு. என்னா கேட்டாரு தெரியுமா? 'அய்யா, முழு மலை வேணாம், பாதி மலை வரைக்குமாவது நான் ஏறலாமா?'ன்றாரு. டாக்டரு சிரிச்சுட்டாரு. 'ஒங்கள யாரு வேணாம்னது? சொட்டர போட்டுகினு மேல வரைக்கும் போங்க'ன்னாரு."

குடம் நிரம்பி வழிந்தது. சத்யா குழாயை மூடவில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். 'போலாம்னுட்டாரே, எப்ப கெளம்பறீங்க?'ன்னு கேட்டேன். 'இந்தத் தடவ மருமவ புள்ளைங்கள இட்டுகினு போயிருக்குது. அதுக்கும் நாலு நாளு ரெஸ்ட்டு வேணும்பா'ன்னாரு."

பக்கிரி குனிந்து குழாயை மூடினார். "அடுத்த வருசம் போறேன்னாரு. ப்ச்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சத்யா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அப்படியானால் படம் பார்த்த அன்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் மப்ளரைப் பார்த்துக்கொண்டு, கரையைக் கேட்டுக்கொண்டு, குளிரைக் கேட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை நான் வரவில்லை என்றது அவளுக்காகச் சொன்னது. பொய் சொன்னவள் கஷ்டப்படக் கூடாது என்று ஏமாந்தவர் சிரித்திருக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதுமே! ஏன்டியம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டார்.

அவள் கூடத்துக்கு வந்தபோது பக்கிரி, பாலகுமாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடுவாரோ? வெள்ளந்தி மனுஷன், நல்லது சொல்கிறோம் என்று நினைத்தே சொல்வார். அவர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும். புருஷனைத் தனியே கூப்பிட இரண்டு தடவை போனாள். முதல் தடவை அவன் பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை, "என்னா?" என்று திரும்பி வந்து நின்றான். அந்த வீங்கிய கண்ணைப் பார்த்ததும், "மாமாவுக்குப் புது வேட்டி பீரோல இருக்குது" என்றாள்.

பேனர் வந்தது. எதிர்வீட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். எல்லோரும் வாசலுக்குப் போய்ப் பார்த்து, உயிரோட நிக்கற மாரியே இருக்குது என்றார்கள். சத்யா போகவில்லை. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, தூக்குகிற நேரம் வந்தது. மேளம் தெருவை அடைத்துக்கொண்டு முழங்கியது. பெண்கள் முச்சந்தி வரைக்கும் போய் நின்றுவிட, கொள்ளிச் சட்டியோடு பாலகுமார் முன்னால் நடந்தான். அவன் தோள் அருகே பக்கிரியின் நரைத்த தலை தெரிந்தது. வளைவு திரும்பும்வரை சத்யா பிணத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகவும் வெட்கப்பட்டாள்.

வீட்டைக் கழுவிவிட்டு, விளக்கேற்றிவிட்டு, சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். நிமிர்ந்தபோது பேனர் எதிரே நின்றது.

அவலாஞ்சிப் பாறை மேல் கொளஞ்சியப்பன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. கை உயர்ந்திருந்தது. குளிருக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் இருந்த இடத்தில் கச்சிதமாக அவரை வைத்து, அவளைச் சுத்தமாக மறைத்திருந்தான் சார்லஸ். ஆனால் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். அவர் காலுக்குக் கீழே, தலைகீழாக, சிவப்பு மப்ளரோடு அவள் அப்படியே இருந்தாள்.

ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். கடைசியில் பாலகுமார் வந்தான். மொட்டையடித்து மீசை எடுத்த முகம் யாரோ போலிருந்தது.

"பக்கிரி வரலியா?"

"பஸ் ஸ்டாண்டு போயிட்டாரு. ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு."

"வேற எதனா சொன்னாரா?"

பாலகுமார் குடத்தைச் சாய்த்து ஒரு காலைக் கழுவினான். கழுவியதையே திரும்பக் கழுவினான்.

"சொன்னாரு."

மேலே ஏதாவது பேசுவான் என்று அவள் நின்றாள். ஏசினால் தேவலை, அடித்தாலும் தேவலை. அவன் அடுத்த காலுக்குத் தண்ணீர் விட்டான்.

"நானும் அன்னிக்கே ஒரு போனு போட்டு டாக்டர கேட்டிருக்கலாம்," என்றான். "கேக்கல."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் பார்க்கிற திசையில் பார்த்தான்.

"தண்ணில செவப்பா என்னமோ விட்டுட்டான் பாரு."

"நான்தாங்க அது."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஈர வேட்டியை உதறிக்கொண்டு படியேறினான்.

"யாருக்குத் தெரியப் போவுது, விடு."

சத்யா வாசலிலேயே நின்றாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து பேனரை உப்ப வைத்து அடங்கியது. மேலே அவர் கை லேசாக அசைந்தது. கீழே தண்ணீரில் அந்தச் சிவப்பும் அசைந்தது.