ஷிப்ட் முடிந்த குரல்

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில், பகல் இரண்டு மணிச் சங்கு ஊதியதும், சர்வர் கருணாகரனின் குரல் மட்டும் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அய்யாசாமி ஹோட்டலில், பண்ருட்டி வியாபாரி ஒருவரிடம் அவர் "இட்லி, வடை, பூரி, ரவா..." என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். தோசை வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. தோசை தீர்ந்துபோனதாக நினைத்த வியாபாரி பூரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

குரலைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் சங்கு ஊதினால் சுரங்கத்துக்காரர்கள் டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவார்கள், அடுத்த ஷிப்ட் உள்ளே போகும். மூன்று ஷிப்டுக்கும் பசிக்கும் என்பதால் அய்யாசாமியின் ஹோட்டலும் மூன்று ஷிப்டுக்கும் ஈடுகொடுத்தது. ஆட்கள் மட்டும் ஒரே செட். தோசை மாஸ்டர் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தார், தோசை கருகியதில்லை. வருஷக்கணக்கில் அந்தச் சங்கைக் கேட்டுக் கேட்டு, கருணாகரனின் குரல் தன்னையும் சுரங்கத்து பெர்மனென்ட் ஆள் என்று நினைத்துக்கொண்டுவிட்டது. காலையில் அவரோடு வேலைக்கு வரும், சங்கு ஊதினால் கிளம்பிவிடும்.

முதலாளி அய்யாசாமி நல்லவர்தான். வேலையாட்கள் எல்லாரும் தன் குடும்பம் என்பார். அப்புறம் அவர்களுக்கு இன்னொரு குடும்பம் எதற்கு என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. அவரே கருணாகரனின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"அந்தச் சங்கு மைன்ஸ்காரனுக்கு ஊதறதுப்பா. நமக்கில்ல."

"ஷிப்ட் முடிஞ்சிடுச்சிங்க" என்று உள்ளேயிருந்து மரியாதையாகச் சொன்னது குரல்.

அய்யாசாமி திரும்பி வந்து, பலகாரப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி மாட்டினார். கொஞ்ச நாளில் ஊருக்குப் பழகிவிட்டது.

கருணாகரனின் மனைவி ருக்குமணிக்குத்தான் பழகவில்லை. "ஒரு கொடம் தண்ணி தூக்காத கொரல வூட்டுல வச்சிகினு நான் என்னா பண்றது?" என்று திட்டினாள். ஆனால் மகள் சந்திராவுக்குக் கொண்டாட்டம். அவள் எழும் முன்பே போய், தூங்கிய பிறகு வருகிறவர் அப்பா. ஐந்து வயதுவரை முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது மத்தியானமானால் குரல் வந்தது, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கேட்டது. தனக்குக் கதை எதுவும் தெரியாததால், ராத்திரியில் பலகாரங்களை வரிசையாகச் சொல்லித் தூங்கவைத்தது. ரவா தோசை வருவதற்குள் சந்திரா தூங்கிவிடுவாள்.

அவளுடைய காதுகுத்துக்குக் கருணாகரனுக்குக் காலையில் அரைநாள் லீவு கிடைத்தது. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. "அழாத கண்ணு, அப்பா இருக்கேன்" என்று அவர் தூக்கினார். குரலைக் கேட்டதும் சந்திரா இறுகக் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள்.

"கண்ணத் தொறடி" என்றாள் ருக்குமணி.

"வேணாம்மா. தொறந்தா யாரோ மாதிரி இருக்குது."

அந்த வார்த்தை கருணாகரனைக் கொன்றுபோட்டது. அன்று ஹோட்டலில் யார் என்ன கேட்டாலும் அவருக்குத் தண்ணீர்தான் எடுத்துக்கொடுக்கத் தோன்றியது.

மறுநாள் சங்கு ஊதியபோது, இடது கையில் ஆறு தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர், குரலின் பின்னாலேயே தெருவில் இறங்கி நடந்தார். அய்யாசாமி கத்தினார். பதில் சொல்லக் குரல் இல்லாதது அன்றைக்கு வசதியாகப் போயிற்று. இடது கை மட்டும் வரவில்லை. ஆர்டரைப் பாதியில் விட்டுவிட்டு வர அதற்கு மனசில்லை.

வீட்டில், குரல் வந்த பக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்த சந்திரா, அவர் வயிற்றில் முட்டிக்கொண்டாள். அவர் குனிந்தார். முகத்தைத் தடவிப் பார்த்தவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா! அப்பாவுக்கு மீச இருக்குது!"

ருக்குமணி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஆனமட்டும் தூக்கும்படி குடத்தைக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து சங்கு ஊதினால் கருணாகரன் வீட்டுக்குப் போனார், இடது கை மட்டும் கடையில் வேலை பார்த்தது. அய்யாசாமிக்கும் நஷ்டமில்லை. கை சாப்பிடாது, கொட்டாவி விடாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்காது. எண்பதுகளில் வடலூர் ஹோட்டல்காரர்கள்கூட, கை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வந்து விசாரித்தார்கள். ராத்திரி ஷிப்ட் உள்ளே போய்க் கடை சாத்தியதும் அது கடைசி பஸ்ஸில் வந்து கதவைத் தட்டும். சந்திரா எழுந்து திறப்பாள், சாம்பார் வாசனை போகக் கழுவித் துடைப்பாள், தூங்கும் அப்பாவின் தோளோரம் கொண்டுபோய் வைப்பாள். பிறகு அதன்மேலேயே தலைவைத்துப் படுத்துக்கொள்வாள்.