உறவினர் அல்லாத இருவர்

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஓர் ஓட்டைக் குழாய். ஆபீசில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் குழாய்க்குக் கீழே மூன்று வருஷம் வாளி வைத்தவள் நான்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. எங்கள் சமையலறைக்கு நேர் மேலே நான்காவது மாடிக்காரரின் குளியலறை. அங்கே தண்ணீர் ஊற்றினால் இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் சொட்டும். மேலே ஒரு நர்ஸ் தனியாக இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தால் மாலை நாலு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார். அம்மா அவருக்கு மழைக்காரி என்று பேர் வைத்திருந்தாள். காலையானால், மழைக்காரி வந்தாச்சு, வாளியை எடு என்பாள். நானும் அப்படித்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

மேலே போய்ப் புகார் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அம்மா போனால் சண்டையாகிவிடும். அப்பா போனால், "பரவாயில்லம்மா, மெதுவா பாருங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்துவிடுவார். முதல் தடவை நான் போனபோதே நர்ஸ் விளக்கிவிட்டார். தரையை உடைத்தால் நாலு நாள் குளியலறை கிடையாது, ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து குளிக்காமல் படுக்கத் தன்னால் முடியாது என்றார். சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, நேரம், எவ்வளவு நேரம் சொட்டியது, எந்த வாளி எப்போது நிறைந்தது, எல்லாம் எழுதினேன். மாதம் ஒரு முறை ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போவேன். நாலரைக்கு முன்னால் கதவைத் தட்ட மாட்டேன். தூங்குகிறவரை எழுப்பிச் சண்டை போடுவது எனக்குச் சரிப்படாது. அவர் வாசலில் நின்றபடியே படிப்பார், மடித்து வைத்துக்கொள்வார், "பாக்குறேன்" என்பார், கதவைச் சாத்துவார். நான் கீழே வந்து, மேலே சொல்லாமல் அடக்கியதையெல்லாம் சமையலறையில் நின்று தொண்டை கிழியச் சொல்வேன்.

அந்த மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் நான் வேலை தேடினேன். முப்பத்தோரு நேர்முகம். அனுபவம் தேவையில்லை என்று விளம்பரம் போட்ட ஒரு கம்பெனிக்கு நம்பிப் போனேன். உட்கார்ந்ததும், கொஞ்சமாவது அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு பேர் வேலைக்கு இருநூறு பேர் படிக்கட்டு வரை நின்றோம். மதியம் ஒருவர் வெளியே வந்து, ஆள் எடுத்தாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி என்று கும்பிட்டார். அவ்வளவு பணிவாக யாரும் என் வயிற்றில் அடித்ததில்லை.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க இடம் சமையலறை மட்டும்தான். அதனால் அங்கேதான் ஒத்திகை. குக்கரை மேனேஜராக வைத்து, என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். குக்கர் விசில் அடிக்கும். நேர்முகத்தில் யாரும் அதுகூட அடித்ததில்லை. அப்பா, அம்மாவுக்குத் தெரியாமல் அழ வேண்டுமென்றாலும் அங்கேதான், குழாயைத் திறந்துவிட்டு.

முப்பத்திரண்டாவது ஒரு லிஃப்ட் கம்பெனி. லிஃப்ட் ரிப்பேர் என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லி, புகாரைக் குறித்து, ஆள் அனுப்பி, முடிந்ததா என்று கேட்கும் வேலை. மேனேஜரம்மா அதிகம் பேசவில்லை. ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து மறுநாள் பத்து மணிக்குள் நிரப்பித் தரச் சொன்னார். கடைசிக் கட்டம் இப்படி இருந்தது: 'உங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாக அறிந்த, உறவினர் அல்லாத இருவர்.'

ஒருவர் என் கல்லூரி ஆசிரியை. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் சித்தப்பா, மாமா, அத்தை என்று ஏதோ ஒரு முறையில் வந்து நின்றார்கள். சிநேகிதிகளும் என்னைப் போலவே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என் பேரைப் போட்டிருந்தார்கள். காலையில் அம்மாதான் டாக்டரை நினைவுபடுத்தினாள். பத்து வருஷமாக எங்கள் காய்ச்சலையெல்லாம் பார்த்தவர், இரண்டு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாரா என்றாள். நான் குளிக்க ஓடினேன். படிவத்தை அப்பா நிரப்ப உட்கார்ந்தார்.

அம்மாவின் போன் நம்பர்களெல்லாம் சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும். வெறும் நம்பர்கள், பேர் கிடையாது. எது யாருடையது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. மேலிருந்து மூணாவது டாக்டர் என்று அவள் கூடத்திலிருந்து கத்த, அப்பா எண்ணி, டாக்டர் பேரைப் போட்டு, அந்த நம்பரை எழுதினார். நான் அப்படியே வாங்கிக்கொண்டு ஓடிப் பத்து மணிக்குள் கொடுத்துவிட்டேன். மேனேஜரம்மா, இரண்டு பேரிடமும் இன்றைக்கே பேசிவிடுவேன், அதை வைத்துத்தான் முடிவு என்று சொன்னார்.

ஒரு மணிக்கு அம்மா கேஸ் பதிவு செய்யச் சுவரைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கேஸ் நம்பரைக் காணோம். ஈரத்தில் ஊறிய சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்திருந்தது. சிலிண்டருக்குப் பின்னால் ஒரு சில்லு கிடந்தது, அதில் கேஸ் நம்பரின் பாதி. முதல் நம்பர் விழுந்துவிட்டால் மூணாவது எது? நான் எண்ணினேன். அம்மா எண்ணினாள். அப்பா எழுதிக் கொடுத்தது பழைய நாலாவது நம்பரை. மழைக்காரியின் நம்பர்.

கம்பெனிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லலாம்தான். நம்பர் குறிக்கும் வேலைக்கு வந்தவள் நம்பரையே தப்பாகக் குறித்தாளா என்பார்கள். மானத்தை விட்டு அதையும் செய்தேன். மூன்று தடவையும் லைன் கிடைக்கவில்லை. மேலே போய் எழுப்பிச் சொல், காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று அம்மா துரத்தினாள். போனேன். கதவில் தட்டக் கையை ஓங்கிவிட்டேன். உள்ளே பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர் தூங்குகிறார். என்னால் தட்ட முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்கு உள்ளே போன் அடித்தது. நர்ஸின் தூக்கக் குரல் கேட்டது. வார்த்தை எதுவும் புரியவில்லை. பதினோரு நிமிஷம் பேசினார். ஒரு ஆளை ஒழித்துக்கட்ட ஒரு நிமிஷம் போதுமே, மிச்சம் பத்து எதற்கு என்று நினைத்தேன். போனை வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. நாலரைக்குத் தட்டினேன். கண் சிவந்து வந்து நின்றார்.

"டாக்டர் இருக்காரான்னு போன் வந்துச்சு" என்றார்.

அப்பா எண்ணியது, சுண்ணாம்பு விழுந்தது என்று ஏதோ உளறினேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னேன். எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கதவைச் சாத்தினார்.

உள்ளதென்றால் என்ன? மாதம் தவறாமல் வந்து வாசலில் நிற்கும் பெண், அதுதானே உள்ளது. இரண்டு நாளும் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. அப்பா தன் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டு என்று கேட்பதுபோல் இருந்தது. நான் திட்டவில்லை. சனிக்கிழமை போன் வந்தது. திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். அம்மா கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்து நின்று, மூக்கை உறிஞ்சினார்.

அன்றைக்கு நாலரைக்கு மேலே போனேன். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். "வேலை கிடைச்சிருச்சு சிஸ்டர்" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. சந்தோஷம் என்றார். தண்ணீர் இன்னும் சொட்டுகிறதா என்று கேட்டார். சொட்டுகிறது என்றேன். "பாக்குறேன்" என்றார். பழக்கதோஷத்தில் நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் மாதம் ஒரு கையெழுத்துக்காக மேனேஜரம்மா என் ஃபைலைக் கொடுத்தபோது அந்தப் படிவத்தைப் பார்த்தேன். டாக்டர் பேரை அடித்து நர்ஸ் என்று எழுதி, ஓரத்தில் மேனேஜரம்மாவின் கையெழுத்தில் பதில்கள். எப்படித் தெரியும்: என் மேல் புகார் சொல்லும் பெண். பொறுமை: மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். நேரம்: நாலரைக்கு முன்னால் தட்டியதில்லை, மாதம் தவறியதும் இல்லை. பேச்சு: தண்ணீரைத்தான் குறை சொல்வாள், என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. கடைசியில் ஒரு வரி: எங்கள் வார்டில் நோயாளியை ஒப்படைக்கும்போதுகூட இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தருவதில்லை.

எல்லோரும் தங்களுக்கு வேண்டியவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள், நீ வேண்டாதவர் நம்பரைக் கொடுத்தாயே, துணிச்சல்காரிதான் என்றார் மேனேஜரம்மா. அப்பாவின் கணக்கு என்று நான் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போய் அழுதேன். இந்த முறை குழாயைத் திறந்துவிடத் தோன்றவில்லை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நாலு நாள் குளியலறை இல்லையென்றால் எங்கள் வீட்டில் குளிக்கட்டுமே. மூன்று வருஷமாகத் தேதி எழுதியவளுக்கு இது தோன்றவில்லை. அம்மாவிடம் சொன்னேன். முறைத்தாள். நர்ஸ் சரி என்றார். தரையை உடைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மாவே வெந்நீர் போட்டு வைத்தாள். பிளம்பரை நாலரைக்கு மேல் வரச் சொல்லி, முடிந்ததா முடிந்ததா என்று நானே போன் செய்து துளைத்தெடுத்தேன். நர்ஸ் தோளில் துண்டோடு இறங்கி வந்து குளித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அம்மா அவரை டீ குடிக்காமல் விடவில்லை.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் மேலே போய் நின்றேன். தரை உடைந்து கிடந்தது. குழாயைச் சுற்றி ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பிளம்பர் சிமெண்ட் கலந்துகொண்டிருந்தார். நர்ஸ் என் பக்கத்தில் நின்றார். அப்போது ஓட்டைக்குள்ளிருந்து அம்மாவின் குரல், காதோடு பேசுவதுபோல் கேட்டது. அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மழைக்காரிக்கும் சேர்த்துத்தான் சமைச்சிருக்கேன். டியூட்டிக்குப் போறதுக்குள்ள கூப்பிடுங்க."

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நர்ஸின் முகம் மாறவே இல்லை.

"தரையை உடைச்சதாலயா இப்படிக் கேக்குது?" என்றேன்.

"முதல்லேருந்தே கேக்கும். குழாயைச் சுத்தி இடுக்கு இருக்கில்ல."

மழைக்காரி. அதற்கு மேல் நான் சொன்னதெல்லாம். குக்கரோடு பேசியது. எல்லாம் மேலே போயிருக்கிறது. தண்ணீர் இறங்கிய வழியிலேயே எங்கள் பேச்சு ஏறியிருக்கிறது.

"அப்புறம் ஏன் சிஸ்டர், ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்லைன்னு சொன்னீங்க?"

அவர் சிமெண்ட் கலப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ பேசுனது உன் வீட்டுல பேசுனது. எல்லாரும் வீட்டுல பேசுறதுதான். என் வாசல்ல வந்து பேசுனதைத்தான் நான் சொன்னேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "குழாயைத் திறந்துவிட்டு அழுவியே, அதுவும் கேட்டுச்சு. அதையும் நான் சொல்லல" என்றார்.

முகத்துக்கு நேராக ஒரு நன்றி சொல்ல இத்தனை நேர்முகம் போனவளுக்குத் தெரியவில்லை. அடைக்கலாமா என்று பிளம்பர் கேட்டார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் படியில் இரண்டிரண்டாக இறங்கி எங்கள் சமையலறைக்கு ஓடினேன். அம்மாவும் அப்பாவும் விழித்துப் பார்க்க, அடுப்புக்குப் பக்கத்தில், மூன்று வருஷம் வாளி இருந்த இடத்தில் நின்று, தலையை நிமிர்த்தினேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்" என்றேன்.



"கேட்டுச்சு" என்றது கூரை.

பிறகு பிளம்பர் சிமெண்டை அள்ளி வைத்து அடைக்கத் தொடங்கினார்.