திடீர் குவேக்கர்கள்

என் மனசாட்சியை விசாரித்தவர்கள் ஐந்து பேர். ஒரு கசாப்புக் கடைக்காரர், ஒரு மில் முதலாளி, இரண்டு நகரசபை உறுப்பினர்கள், சவப்பெட்டி செய்து விற்கும் ஒருவர். மனசாட்சி தடுக்கிறது, யுத்தத்துக்கு வர மாட்டேன் என்பவர்களை விசாரிக்க 1916-இல் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வைத்த நீதிமன்றம் அது. ஐவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிரான்சுக்குப் போய்ச் சாகும் ஆபத்து அவர்களில் யாருக்கும் இல்லை. அதனாலேயே வீரம் பொங்கி வழிந்தது. கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். நான் சோஷலிஸ்ட், கடவுள் கிடையாது என்றேன். கடவுள் இல்லாதவனுக்கு மனசாட்சி எங்கிருந்து வந்தது என்று கசாப்புக் கடைக்காரர் மடக்கினார். நீங்கள் வாங்கிய கடையில்தான் நானும் வாங்கினேன், என்னுடையது கொஞ்சம் எடை கூடுதல் என்றேன். ஏழே நிமிடத்தில் என்னைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பட்டாளத்தில் காக்கிச் சட்டையைப் போட மாட்டேன் என்றேன். நூற்றுப்பன்னிரண்டு நாள் சிறை. முடிந்ததும் திரும்பப் பட்டாளம், அதே சட்டை, அதே மறுப்பு, இந்த முறை இரண்டு வருடம். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

வடக்கே இருந்த அந்தச் சிறையில் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம். ஓட்ஸ் கஞ்சி என்ற பெயரில் ஊற்றும் பசையை விழுங்கலாம். நாள் முழுக்கத் தபால் பை தைக்கலாம். ஆனால் பேசக்கூடாது. பக்கத்தில் நடப்பவனிடம் "மழை வரும் போல" என்று முணுமுணுத்தால் மூன்று நாள் வெறும் ரொட்டியும் தண்ணீரும். எங்கள் ஊர் ஹடர்ஸ்ஃபீல்டின் தொழிற்சங்க மேடைகளில் மணிக்கணக்கில் பேசியே பழகிய வாய் என்னுடையது. ஒரே மாதத்தில் நான் கரப்பான்பூச்சிக்கு அரசியல் பொருளாதாரம் நடத்த ஆரம்பித்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியவர்கள் குவேக்கர்கள், யுத்தமே பாவம் என்று சொல்லும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களுடைய வழிபாடு வேடிக்கையானது. பாதிரியார் கிடையாது, பாட்டுக் கிடையாது. ஒரு மணி நேரம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாரையாவது பரிசுத்த ஆவி தூண்டினால் அவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவார். சிறையில் குவேக்கர் கைதிகள் நாலைந்து பேர் இருந்ததால் ஞாயிறுதோறும் அந்தக் கூட்டத்துக்கு அனுமதி இருந்தது. ஆவி பேசச் சொல்வதைத் தடுக்கச் சிறை விதியில் இடமில்லை.

விஷயம் தெரிந்ததும் பெரிய மதமாற்றமே நடந்தது. ஒவ்வொரு அறைக் கதவிலும் கைதியின் மதத்தை எழுதிய அட்டை தொங்கும். கிறிஸ்துமஸுக்குள் முப்பத்தெட்டு கதவுகளில் அட்டை மாறிவிட்டது. லீட்ஸிலிருந்து வந்த ஒரு யூதத் தையல்காரரும் குவேக்கர், நானும் குவேக்கர்.

ஆவியும் சுறுசுறுப்பாக வேலை பார்த்தது. புதிதாக உள்ளே வருபவன் கொண்டுவரும் சேதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தெய்வ வாக்காக வெளிவரும். "பனி நாட்டு ராஜா தன் கிரீடத்தைக் கழற்றி வைத்தான், சிறியவர்கள் எழும்பினார்கள்" என்று ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, ரஷ்யாவில் ஜார் கவிழ்ந்தது எங்களுக்குத் தெரிந்தது. நான் எழுந்து, பிராட்ஃபோர்டின் அகந்தையை ஆண்டவர் மூன்று முறை உடைத்தார், ஹடர்ஸ்ஃபீல்டை ஒரு முறை மட்டுமே சோதித்தார் என்றேன். கால்பந்து முடிவை இவ்வளவு பக்தியோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூலையில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் வார்டர் பிக்கர்ஸ்கில் எப்போதும் தூங்குவார்.

கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து வருபவர் எஃப்ரேம் டக்கெட் என்ற கிழவர், விதை வியாபாரி. சிறைக் கண்காணிப்பாளரையே நீ என்று கூப்பிடும் பழைய காலத்துக் குவேக்கர். பொய் சொல்லத் தெரியாது, அடுத்தவர் சொல்வார் என்று நினைக்கவும் தெரியாது. என் பிராட்ஃபோர்ட் பிரசங்கம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, அகந்தையைப் பற்றிய உன் வார்த்தை வாரம் முழுக்க என்னோடு இருக்கும் என்றார். எனக்கு லேசாகக் காது சுட்டது.

லூதர் போமான்ட் எனக்குப் பக்கத்து அறை. மார்ஸ்டனில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனுடைய தம்பி பெர்சி பட்டாளத்தில் தானாகச் சேர்ந்து பிரான்சில் இருந்தான். கடைசியாக அம்மா எழுதிய கடிதத்தில் பெர்சியைக் காணவில்லை என்று தகவல் வந்ததாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து லூதர் ஒரு துண்டுக் காகிதம் கைமாற்றி மாட்டிக்கொண்டான். இரண்டு மாதத்துக்கு அவனுக்குக் கடிதம் கிடையாது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பையன் தைத்த பையையே பிரித்துப் பிரித்துத் தைத்தான்.

மே மாதம் முதல் ஞாயிறு, கூட்டம் கலையும்போது அவன் டக்கெட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மாவப் பாத்தீங்களாய்யா?"

"பாத்தேன். என்னைத் தேடி வந்தா."

"பெர்சி?"

"தெரியும். ஆனா சொல்ல முடியாது லூதர். வெளிச் சேதி எதையும் உள்ள கொண்டுவர மாட்டேன்னு கண்காணிப்பாளர்கிட்ட வாக்குக் கொடுத்துத்தான் இங்க வர்றேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் உங்கம்மாவைப் பார்க்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். இந்த மகான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. தெரியும் என்று மட்டும் சொல்லி, பையனை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறு வாரம் நான் அவரை ஓரங்கட்டி வழி சொல்லிக் கொடுத்தேன். ஆவி தூண்டியதாக எழுந்து ரெண்டு வார்த்தை விடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்ச சேதிய ஆவி தலைல கட்டச் சொல்றியா? அப்படியெல்லாம் யாராவது செய்வாங்களாப்பா?"

அப்படிச் செய்வது ரொம்பத் தப்பு என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

லூதர் கஞ்சியைத் தொடாமல் திருப்பி அனுப்பத் தொடங்கினான். ஞாயிறு வந்தால் ஒரு மணி நேரமும் டக்கெட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கிழவரும் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தைக்காக இப்படியா சாவார்கள்!

நான்காவது ஞாயிறு. பாதி நேரம் போயிருக்கும், டக்கெட் எழுந்து நின்றார். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"லூதர், உன் தம்பி ஏப்ரல் ஒன்பதாம் தேதி அராஸ்ல செத்துப்போனான். உடம்பு கிடைச்சுது, புதைச்சுட்டாங்க. உங்கம்மா உன்னக் கோவிச்சுக்கல, அதச் சொல்லச் சொன்னா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்னை ஆவி எழுப்பல. நானாத்தான் எழுந்தேன். வாக்க மீறிட்டேன்."

லூதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். யாரும் அசையவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கூட்டம் நிஜமாகவே குவேக்கர் கூட்டமாக இருந்தது.

கலையும்போது வார்டர் பிக்கர்ஸ்கில் டக்கெட்டிடம் வந்தார். "எனக்கு ஒண்ணும் காதுல விழலைங்க பெரியவரே. பிராட்ஃபோர்ட் மூணு கோல் வாங்குனதும்தான் விழல. பேசாம வீட்டுக்குப் போங்க."

கிழவர் நன்றி சொல்லிவிட்டு, நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்று தானே போய்ச் சொன்னார். அவர் இனி வரக்கூடாது என்றும், குவேக்கர் கூட்டமே இனிக் கிடையாது என்றும் மறுநாள் காலை எங்களுக்கு அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எந்த மனிதனையும் எதிரியாக நினைக்க மாட்டோம் என்று நீதிமன்றங்களில் முழங்கிவிட்டு வந்தவர்கள் நாங்கள். எங்கள் வீடுகளில் குண்டு போட்ட ஜெர்மானியனைக்கூட மன்னித்தவர்கள். லூதரை மன்னிக்க எங்களால் முடியவில்லை. தையல் கூடத்தில் அவன் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. செத்தவன் எப்படியும் செத்துவிட்டான், இரண்டு மாதம் பொறுத்திருந்தால் கடிதத்தில் தெரிந்திருக்குமே, முப்பத்தெட்டு பேர் வாயை அடைத்துவிட்டானே என்று எல்லார் கண்ணிலும் இருந்தது. என் கண்ணில் எல்லாரையும்விட அதிகமாக இருந்தது.

புதன்கிழமை முற்றத்தில் வட்டமாக நடக்க விட்டார்கள். லூதர் எனக்கு முன்னால். நடையைக் குறைத்து என் பக்கம் வந்தான்.

"கிளெக், பெர்சியப் பத்தி யார்கிட்டயாவது பேசணும் போல இருக்குப்பா. ரெண்டே நிமிஷம். அவன் சின்னப்புள்ளைல..."

பிக்கர்ஸ்கில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆராய்வார் என்று தெரிந்தது.

நான் நேராகப் பார்த்தபடி நடந்தேன். சிறைக்கு வந்த பத்து மாதத்தில், பேசக்கூடாது என்ற விதியை அன்றுதான் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.