விடுபட்ட வேலைகள்

ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் ‘கறார் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டுக் கட்டில், காலை ஷிஃப்டில் அவளையும் சேர்த்து இரண்டே நர்ஸ். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, டாக்டர்களுக்குப் பின்னால் ஓடி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த பஸ் டிரைவரின் மகள் ஒருநாள் காலை அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். டிரைவரின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வெச்சதா சார்ட்ல டிக் போட்டிருக்கு. நேத்து முழுக்க நான் இங்கதான் இருந்தேன். ஒருத்தரும் வரலையே அக்கா?”

அந்த டிக்குகளில் பாதி அவள் கையால் போட்டவை. ஷிஃப்ட் முடியும்போது எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போவது வருஷக்கணக்காக ஊறிப்போன பழக்கம்.

“பொய் டிக்குதாம்மா. நானும்தான் போட்டேன்” என்றாள்.

டிரைவர் முந்திக்கொண்டார். “விடும்மா. பிரேக் இல்லாத வண்டிய ஓட்டச் சொன்னா அவங்கதான் என்ன செய்வாங்க?”

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் முதல் செய்த வேலைக்கு மட்டும்தான் டிக். செய்யாததை ஒரு நோட்டில் எழுதினாள். ‘ஒன்பதாம் கட்டில். பத்து மணிக்குத் திருப்பவில்லை. இருவருமே பதினேழாம் கட்டிலில் மூச்சுத்திணறலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.’

கூட வேலை பார்த்த சின்ன நர்ஸ் நோட்டை மூடப் பார்த்தாள். “நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கறோமேக்கா!”

“புண்ணு அவர் முதுகுல. நம்ம தலையில கொஞ்சம் மண்ணு விழட்டும்.”

நாலாம் நாள் நர்சிங் சூப்பரிண்டெண்ட் அம்மா கூப்பிட்டனுப்பினார். நோட்டைப் புரட்டப் புரட்ட அவர் முகம் கடுகடுத்தது.

“ஆஸ்பத்திரி மானத்த நீயே கப்பலேத்தறியா? நாளைக்கு யாராவது கேஸ் போட்டா?”

“பொய் டிக் இருந்தாலும் போடுவாங்கம்மா. அப்போ நர்ஸ் தப்புன்னு முடிச்சிருவாங்க. இதுல ஏன் செய்யலன்னு இருக்கு.”

“நிறுத்துன்னு சொல்றேன்.”

“எழுதிக் குடுங்கம்மா, நிறுத்திடறேன்.”

எழுதிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. இருபது வருஷம் வார்டில் ஓடித் தேய்ந்த கால்கள்தான் அவருக்கும். நோட்டைத் திருப்பித் தந்தார்.

“வேலை போச்சுன்னா சட்டைக்குக் காஜா எடுக்க வா, எனக்கும் ஆள் பத்தல” என்று தையல்காரக் கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், பாதிச் சோற்றோடு தட்டைக் கழுவப் போட்டாள்.

மறுவாரம் சின்ன நர்ஸ் தன் கையெழுத்தில் மூன்று வரி எழுதினாள். பெண்கள் வார்டு நர்ஸ்கள் வந்து நோட்டைப் பார்த்துப் போனார்கள். குழந்தைகள் வார்டிலும் ஒரு நோட்டு முளைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து நிர்வாகக் கூட்டத்துக்கு ஆறு நோட்டுகளைச் சுமந்துபோனவர் சூப்பரிண்டெண்ட்தான். கறார் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு விடுபட்ட வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தேதி, காரணம். நர்ஸ்கள் அரட்டையடிக்கிறார்கள் என்று எப்போதும் தொடங்கும் நிர்வாகி, அன்று நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“காலை ஷிஃப்டுக்கு ரெண்டு பேர் கூடப் போடறேன். ஸ்ட்ரெச்சர் தள்ளறதுக்குத் தனி ஆள்.”

“சாயங்காலத்துக்கு சார்?” என்றாள் கறார் அக்கா.

“மொதல்ல இது நடக்கட்டும்மா. அந்த நோட்டெல்லாம் இனி வேணாமே.”

அவள் வாய் திறப்பதற்குள் சூப்பரிண்டெண்ட் சொன்னார்: “எழுதுவாங்க சார். நான்தான் எழுதச் சொல்லியிருக்கேன்.”

டிரைவரின் புண் ஆற மேலும் ஒரு மாதம் பிடித்தது. சாயங்கால ஷிஃப்டில் இன்னும் ஒரே நர்ஸ்தான். ஏழாவது நோட்டு பாதி நிரம்பிவிட்டது.