வெட்டி வெட்டி வந்த குரல்

"குவைத்துக்குப் பேசினா கொரலு வெட்டி வெட்டி வருதுங்க" என்று யாராவது பதுளை பஸாரில் முன்ஸிபின் போன் கடைக்கு வந்து சொன்னால் போதும், மனிதர் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு விளக்கத் தொடங்கிவிடுவார். ஸ்பீட் மட்டும் இருந்தால் காணாது. குரல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. துண்டுகள் ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும். ஒன்று உடனே வந்து அடுத்தது சுணங்கி வந்தால், சுணங்கியதைப் போன் வாங்காது, விட்டுவிடும். பஸ் பிந்தினால் நாம் தெமோதரையில் ரயிலை விடுகிறோமே, அதுபோல என்பார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அந்தக் கேவலமான வேலையைச் செய்தார்.

அன்று பின்னேரம் குவைத்திலிருந்து அவருடைய தங்கை நிப்லா கோல் எடுத்தாள். ஒன்பது வருடமாக அங்கே ஒரு வீட்டில் வேலை. புருஷன் விட்டுவிட்டான், உம்மாவும் மௌத்தாகிவிட்டார். அவளுக்கென்று மிஞ்சியது அண்ணன், அவளுடைய நானா ஒருவர்தான்.

"நானா, எக்ரிமெண்ட் இந்த மாசத்தோட முடியுது. நான் வந்து உங்களோடயே இருக்கட்டா?"

லைன் அருமையாக இருந்தது. ஆனால் "அவ வந்தா நான் எங்கட உம்மா வீட்டுக்குப் போயிருவன்" என்று, எக்ரிமெண்ட் முடியப்போவதை நினைத்து மனைவி ஷம்ரா காலையில்தான் சொல்லியிருந்தாள். வா என்று சொல்லத் துணிவில்லை, வராதே என்று சொல்ல வாயும் வரவில்லை. முன்ஸிப் தன் தொழிலறிவைக் கையில் எடுத்தார்.

"ஹலோ... நிப்... கே... இல்ல... வெட்டி... வெட்..."

சொற்களைப் பாதியில் விழுங்கினார். அச்சு அசலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து கடைக்கு எதிர்ப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு தொடங்கியது. போன் வழியே அதைக் கேட்டு நிப்லா பேச்சை நிறுத்தினாள். பாங்கின்போது பேசுவதில்லை, மோதினார் ஒரு வரி சொல்லி நிறுத்த, கேட்பவர் மெல்லப் பதில் சொல்ல வேண்டும். நிப்லா சொன்னாள். ஒரு வரி, அதன் பின்னால் அவள் குரல். அடுத்த வரி, மறுபடி அவள் குரல். ஓரிடத்திலும் பிசகவில்லை.

முன்ஸிபுக்குப் புரிந்துவிட்டது. லைன் வெட்டினால் எல்லாம் சேர்ந்துதான் வெட்டும். பாங்கை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அவர் குரலை மட்டும் பொறுக்கி வெட்டுமா? பாங்கு நடுவில் போனை வைக்கவும் மனம் வரவில்லை.

பாங்கு முடிந்தது. அவள் துஆவையும் ஓதி முடித்தாள்.

"லைன் சரியில்ல போல நானா. அங்க மழையாக்கும்," என்றாள் மெதுவாக. "இங்க இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்றாங்க. நான் நிண்டுக்கிறன். ஷம்ரா மச்சிக்கு ஸலாம் சொல்லுங்க."

அவருடைய பொய்யை வாங்கி அவளே சொல்லிவிட்டாள். இப்போதாவது "வா புள்ள" என்றிருக்கலாம். ஆனால் சொன்னால், முதலில் எல்லாம் கேட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தார். அவள் வைத்துவிட்டாள்.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஷம்ரா எட்டிப் பார்த்தாள். "என்னவாம் நிப்லா?"

"அவளுக்கு அங்க நிக்கத்தான் விருப்பமாம்."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லதாப் போச்சு."

முன்ஸிப் தொழப் போவதற்காகக் குழாயடிக்குப் போனார். தொழுமுன் கைகால் முகம் கழுவும் வுளூவில் வாய் கொப்பளிப்பது மூன்று தடவைதான். அவர் ஏழெட்டுத் தடவை கொப்பளித்தும் அந்த வாய் சுத்தமானதாக அவருக்குத் தோன்றவில்லை.