மூன்று விரல் உயரமான கார்

புது வாடகை வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, கார் ஷெட்டைத் தவிர. அதற்கு மேல்தளம் போட்டவன் மகா கஞ்சனாக இருக்க வேண்டும். அக்கா டேப்பை எடுத்து ஷெட்டையும் காரையும் அளந்து பார்த்துவிட்டு, கார் மூன்று விரல் உயரம் அதிகம் என்றாள். நாங்கள் திரைச்சீலை தைக்கிறவர்கள். டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும், ஆனால் பேச்சு மட்டும் விரல் கணக்கில்தான்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. அவள் மூத்த மருமகள், நான் இளையவள். முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு ஆரம்பித்த தொழில் இன்று ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று மொத்த ஆர்டர் வரைக்கும் வந்திருக்கிறது. அந்தச் சம்பாத்தியத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய கார் அது. வாங்கும்போது வீட்டில் ஒருவரையும் கேட்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "என்னைக் கேக்காம வாங்கின வண்டியில நான் கால் வைக்க மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லிலிருந்து இம்மி பிசகவில்லை. நாங்கள் காரில் போவோம், அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். நாங்கள் வண்டியை நிறுத்திக் கூப்பிடுவோம், அவர் வானத்தைப் பார்ப்பார். பஸ்ஸே வராத நாளிலும் வானத்தைத்தான் பார்த்தார்.

இங்கே குடிவந்த பிறகு காரைத் தெருவில் நிறுத்தினோம். குறுகிய தெரு, லாரி திரும்ப முடியவில்லை. வீட்டு ஓனர் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

"ஷெட்டுக்குள்ள போகாத கார் வீட்டுக்கு எதுக்கு? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வந்து பாக்கறாரு. பேசாம குடுத்துடுங்க" என்றார்.

கார் போனால் பழையபடி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும். திரைச்சீலை கசங்கும், நாங்களும் கசங்குவோம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது எங்கள் கார். இந்த உலகத்தில் பாதியாவது என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்ட முதல் பொருள் அதுதான். கொடுக்க எனக்கு மனசே இல்லை.

அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. "ஷெட்டைத் தூக்க முடியாது. காரை இறக்கலாம் இல்ல?" என்று என்னைக் கேட்டாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "அந்த ஆள் வர்றதுக்குள்ள கார் ஷெட்டுக்குள்ள போயிட்டா, விக்கக் கூடாது. சம்மதமா மாமா?" என்றாள்.

"போகட்டும், பாக்கலாம்" என்று மாமா பேப்பரை விரித்துக்கொண்டார்.

அக்காவின் தம்பி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறான். அவன் அனுப்பிய பெட்டியில் காயில்ஓவர் செட் வந்தது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே உருப்படி. அதன் உடம்பில் மரை ஓடுகிறது, மரையில் ஒரு வளையம். வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும், மேலே திருகினால் ஏறும். பாவாடை நாடா மாதிரிதான், எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஞாயிறு காலை வாசலில் சிமெண்ட் தரையில் வேலை ஆரம்பமானது. என் வீட்டுக்காரர், பெட்டியோடு வந்த தாளைப் படிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அத்தான், அதாவது அக்காவின் கணவர், படியில் உட்கார்ந்து ஆபத்துகளைச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அத்தை, அதாவது எங்கள் மாமியார், எல்லோருக்கும் டீ போட்டார். மிச்சமிருந்த ஸ்பேனர் பிடிக்கிற வேலையை நாங்கள் செய்தோம்.

முதலில் சக்கர நட்டுகளை லேசாகத் தளர்த்தினோம். ஜாக்கி போட்டுத் தூக்கி, வெறும் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். பழைய ஷாக்கின் அடியில் இரண்டு பெரிய போல்ட். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று துருப்பிடித்து, பிறந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம், அக்கா திட்டியும் பார்த்தாள். கடைசியில் ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

"விழுந்தா இடுப்பு போயிடும்" என்றார் அத்தான்.

"நீங்க வந்து நிக்கறீங்களா?"

அத்தான் டீயைக் குடித்தார். அக்கா ஒரு குதி குதித்தாள். படீரென்று ஒரு சத்தம், அக்கா தரையில். உள்ளேயிருந்து அத்தை, "எதைடி உடைச்சீங்க?" என்றார். "துருவை அத்தை" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்திருக்காமலே சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. கையில் கிரீஸ், கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பானெட்டைத் திறந்து மேலே மூன்று நட்டுகளைக் கழற்ற வேண்டும். "நடுவுல இருக்கிற நட்டைத் தொடாதேன்னு போட்டிருக்கு" என்று என் வீட்டுக்காரர் படித்தார். நாங்கள் தொடவே இல்லை, ஆனாலும் அந்த வரியை மட்டும் மந்திரம் போலத் திரும்பத் திரும்பப் படித்தார். பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினோம். இடது பக்கம் எத்தனை மரை தெரிகிறதோ வலது பக்கமும் அத்தனையே தெரிய வேண்டும் என்று நான் டேப் வைத்து அளந்தேன். சன்னலின் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் திரை தொங்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, காரும் அப்படித்தான்.

தப்பு நடந்தது இதற்குப் பிறகு. எங்கள் தொழிலில் அரிச்சுவடி ஒன்று உண்டு. துணியை மேஜையில் போட்டு அளந்தால் அது பொய் சொல்லும். தொங்கவிட்டு, அடிப்பட்டியில் கனம் வைத்து, அது இழுபட்டு நின்ற பிறகுதான் அளக்க வேண்டும்.

"காலியா அளந்தா பொய் சொல்லும். கனத்தை ஏத்து" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரிக்குத் தைத்து வைத்திருந்த திரைச்சீலை மூட்டைகள் அத்தனையையும், மாட்டுகிற இரும்புக் கம்பிகளையும் காரில் ஏற்றினோம். காரைப் பிடித்து நாலு குலுக்கு குலுக்கி உட்கார வைத்தோம். அளந்தேன். ஷெட்டின் தளத்துக்கும் காரின் கூரைக்கும் நடுவே ஒரு விரல் இடம். அக்கா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, கார் ஊசியில் நூல் நுழைகிற மாதிரி உள்ளே போனது. வால் மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் விசிலடித்தார். மாமா பேப்பரைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஆஸ்பத்திரி வேன் வந்தது. மூட்டைகளையும் கம்பிகளையும் காரிலிருந்து இறக்கி வேனில் ஏற்றிவிட்டோம். ஒவ்வொரு மூட்டைக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்ததை, பெருமை பேசிக்கொண்டிருந்ததில், ஒருவரும் கவனிக்கவில்லை. வேன் போன பிறகு அக்கா காரைப் பின்னால் எடுத்தாள். கரக் என்றது. கூரை தளத்தில் போய் அப்பிக்கொண்டிருந்தது.

மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள போயி வெளிய வராததுக்குப் பேரு கார் இல்லம்மா. பீரோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வளையத்தைத் திருக வேண்டுமென்றால் காரைத் தூக்க வேண்டும், தூக்க மேலே இடமில்லை. "டயர்ல காத்தை இறக்கிடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். "இறக்கிட்டு? நீங்க ஊதுவீங்களா?" என்றாள் அக்கா. அவளுக்கே முகம் செத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் நின்றது. காரைப் பார்க்க வந்தவர். ஒல்லியாக, மரியாதையாக, கையில் ஹெல்மெட்டோடு நின்றார். நிலவரத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்புறம் வரட்டுமா?" என்றார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவரிடம் அவள் பார்த்தது வெறும் எடையைத்தான்.

"வந்தது வந்தீங்க. ஏறுங்க" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. மூட்டை போனால் என்ன, ஆள் இருக்கிறதே. அக்கா ஸ்டியரிங்கில். பக்கத்தில் அத்தை, கையில் டீ டம்ளரோடு. பின் சீட்டில் அத்தான், என் வீட்டுக்காரர், நடுவே வந்தவர், மடியில் ஹெல்மெட். டிக்கி ஷெட்டுக்கு வெளியே இருந்ததால் திறந்து அதில் நான் ஏறிக்கொண்டேன். கார் இறங்கியது. அக்கா மெல்லப் பின்னால் எடுத்தாள். கர்ர் என்றது. இன்னும் ஒரு நூல் இடம் வேண்டும்.

வெளியே மிச்சமிருந்தது ஒரே ஆள். எல்லோரும் கழுத்தைத் திருப்பி மாமாவைப் பார்த்தோம். மாமா வானத்தைப் பார்த்தார்.

பிறகு மாமாவின் கண் தானாகப் பின் சீட்டுக்கு வந்தது. அத்தான் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, வந்தவரை நசுக்கிக்கிட்டு நீ மட்டும் அகலமா உக்காந்திருக்கே. தள்ளு. உள்ள தள்ளி உக்காரு."

அத்தான் தள்ளி உட்கார்ந்தார். மாமா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"நான் கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன். வைக்கல. எல்லாரும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, டிக்கி விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். கார் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. மாமா தகரத்தில் டப்டப் என்று தட்டினார்.

"ரைட். போலாம்."

கார் மேற்கொண்டு ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அத்தை டம்ளரோடு கைதட்டப் பார்த்து டீ முழுவதும் அத்தையின் புடவையில். அக்கா சிரித்த சிரிப்பில் ஹாரன் அடித்தது. வந்தவர் இறங்கி ஹெல்மெட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குங்க. ஆனா நான் தனி ஆள். இதை வெளிய எடுக்க எனக்கு முதல்ல ஒரு குடும்பம் வேணும்."

அவர் வீட்டு ஷெட் உயரமாகவே இருந்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

"அப்போ கல்யாணத்தை முடிச்சுட்டு வாங்க தம்பி" என்றார் மாமா. இன்னும் இறங்கவில்லை. "பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓட்டிப் பாரும்மா. எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

நடக்கிற வேகத்தில் போனோம். ஸ்டாப்பில் காத்திருந்தவர்களைப் பார்த்து மாமா கையாட்டினார். அவருக்கு அவ்வளவு பற்கள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தத் தெருவிலேயே கழன்று விழுந்துவிட்டது.

திரும்பி வந்ததும் காரைத் திறந்த வெளியில் வைத்துத் தூக்கி, கொக்கி ஸ்பேனரால் வளையங்களை இன்னும் கீழே இறக்கினேன். இந்தத் தடவை காலியாகவே அளந்தேன். தாராளமாக இடம் இருந்தது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் போகும், வரும்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்ப வந்தபோது மாமா இஸ்திரி போட்ட சட்டையில் டிக்கி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீங்க உக்காராம வராது மாமா" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து தினமும் காலையில் இது நடக்கிறது. அவர் உட்காருவார், தட்டுவார், கார் வரும், தெருவில் இறங்கிக்கொள்வார். வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை.

போன வாரம் நான் அவர் பக்கத்தில் டிக்கியில் உட்கார்ந்திருந்தேன். மாமா கையை உயர்த்தி, காரின் கூரைக்கும் தளத்துக்கும் நடுவே விரலை நுழைத்தார். இரண்டு விரல் போனது. மூன்றாவதும் போயிருக்கும். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் கையை எடுத்து, தூசியைத் தட்டிவிட்டு, தகரத்தில் டப்டப் என்று தட்டினார்.

"ஒரு நூல்தான் இருக்கு. பாத்து எடும்மா."